மூன்றாம் நம்பர் வழியனுப்பு

ஆலங்குளத்தில் வண்டிகள் வழியனுப்பில் ஓடுகின்றன. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, மனசார, "போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். வண்டியின் முன்பக்கம், விளக்குக்குக் கீழே, பித்தளையில் சின்னதாக ஒரு குவளை இருக்கும். சொல் அதில் விழுந்ததும் முள் ஏறும். அப்புறம் சாவியைத் திருப்பினால் போதும்.

எதற்கு எவ்வளவு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கையை ஆட்டினால் இரண்டு கிலோமீட்டர். வாசலுக்கு இறங்கி வந்து சொன்னால் பத்து. தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தால் பதினெட்டு. "போயிச் சேந்ததும் போன் போடு" என்று சேர்த்துக்கொண்டால் முப்பதுக்குக் குறையாது. அழுதால் அறுபது வரைக்கும் வரும். ஆனால் வண்டி குலுங்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும். அதனால் பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் யாரையும் அழவிடுவதில்லை.

இந்த வண்டிகளில் புகை கிடையாது. பின்குழாயிலிருந்து "சரி, சரி" என்று மெல்லிய சத்தம் வரும், கொஞ்சம் சூடாக. பஸ் ஸ்டாண்டில் பெண்கள் அந்தக் குழாய்களுக்கு நேராகச் சேலையை விரித்துக் கூழ்வடகம் காயவைத்து எடுத்துப் போகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் லாரிக்குப் பின்னாலேயே முப்பது கிலோமீட்டர் போய், வெள்ளைச் சட்டையோடே இறங்குகிறார். பெட்ரோல் கார் என்று ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசுவதில்லை. காரணம் புகை மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பக்கூடிய வண்டி அது. அப்படி ஒன்றை வீட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி நிம்மதியாகத் தூங்குமோ, அந்தக் குடும்பத்தைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கும், நடுவழியில் தீர்ந்துபோனவர்களுக்கும் பங்க் இருக்கிறது. திருநெல்வேலி சாலையில், காற்றாலைகளுக்கு எதிரே, மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் பங்க். ஒன்றாம் நம்பரில் அண்ணாச்சி நிற்பார், கூட்டம் முட்டினால் மட்டும். இரண்டாம் நம்பரில் ஜெயசீலி. மூன்றாம் நம்பரில் ஆவுடை.

ஆவுடைக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக மூன்றாம் நம்பரில் நிற்கிறாள். குரலை உயர்த்த மாட்டாள். வண்டியின் பக்கவாட்டில் ஒரு கையை வைப்பாள். "சாப்ட்டியளா?" என்று கேட்பாள். "அந்தக் கண்ணாடிய இன்னும் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிடுங்க" என்று ஏதாவது ஒன்றைச் சரி பண்ணிவிடுவாள். அதற்கப்புறம்தான், "பாத்து போயிட்டு வாங்க." வண்டி ஒரு புள்ளியாகத் தேயும்வரை நிற்பாள். எண்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு குறையாது. அவளிடம் நிரப்பிக்கொள்வதற்காகவே ஈரோட்டு லாரிக்காரர்கள் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எதிர்ச்சாலையில் ஒருவர் பதிவு செய்த குரலைப் போட்டு வண்டிகளை நிரப்பிப் பார்த்தார். எல்லாம் சீதபற்பநல்லூர் தாண்டவில்லை, வரிசையாக நின்று இருமின. கலப்படம் என்று சொல்லி அவரை மூடச் சொல்லிவிட்டார்கள்.

ஆவுடை மட்டும் எங்கேயும் போனதில்லை. பங்க்குக்குப் பின்னாலேயே அறை. கடைக்குப் பொடிநடை. அவளிடம் ஒரு நீல நிற ஸ்கூட்டர் இருந்தது. தங்கை செல்லக்கனி படிக்கப் போவதற்காக வாங்கியது. செல்லக்கனிக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு அக்காதான் எல்லாம். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனம் படித்து, தூத்துக்குடியில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்து, இப்போது மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவில் மீனுக்கு ஐஸ் போடும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து கப்பல்.

கப்பலுக்குச் சட்டம் கொஞ்சம் கண்டிப்பு. ஏறுகிற ஒவ்வொருவரும் தன்னுடைய வழியனுப்பைத் தானே கொண்டுவர வேண்டும். பங்க் சரக்கு கடலில் செல்லாது, உப்புக்காற்றில் நீர்த்துப்போகும். சொந்தமான ஒருவர் துறைமுகத்துக்கே வந்து, கப்பலைத் தொட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். சொல்ல ஆள் வரவில்லை என்றால் பயணியை இறக்கிவிடுவார்கள், வேலை அடுத்தவருக்குப் போய்விடும். செல்லக்கனிக்குச் சொந்தம் என்று உலகத்தில் இருந்தது ஆவுடை ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் செல்லக்கனி போன் போட்டாள்.

"யக்கா, நாலு மணிக்கு ஏணிய எடுத்துருவாங்களாம்."

"வந்துருதேன். நீ ஸ்வெட்டர எடுத்து வச்சியா?"

"தீவுக்கு என்னத்துக்குக்கா ஸ்வெட்டர்?"

"ஐஸுக்குள்ளதானட்டி நிக்கப் போற?"

ஆவுடை ஸ்கூட்டரின் உறையை உருவித் துடைத்தாள். தூத்துக்குடி எண்பது கிலோமீட்டர். ஜெயசீலி இரண்டாம் நம்பரை விட்டு வந்து, ஆவுடை செய்வதைப் போலவே பக்கவாட்டில் கை வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, தலைமுடியைச் சரி பண்ணிவிட்டு, அழகாக வழியனுப்பினாள். எப்போதும் ஐம்பதைத் தாண்டாத கை அவளுக்கு. அன்றைக்கு முள் எண்பத்திரண்டில் போய் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரின் ஒரே பெட்ரோல் கார் உள்ளே வந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் குற்றாலிங்கம் டயருக்குக் காற்றடிக்க வந்திருந்தார். கண்ணாடியை இறக்கி, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஆவுடையைப் பார்த்து, நல்ல மனசோடுதான், "எங்க போற?" என்று கேட்டுவிட்டார்.

கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. "தூரமா?" என்று கேட்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பங்க்கில் மூன்று இடத்தில் பலகையே மாட்டியிருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடுகிற வண்டியில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு அந்தப் பழக்கம் எங்கே நிற்கும்? குவளை காய்ந்துவிட்டது. முள் ஒரே இறக்கமாக இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

ஆவுடை ஸ்கூட்டரை விட்டு இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். காய்ந்த வண்டிக்கு அதுதான் முறை. மறுபடி வழியனுப்பு கிடைக்காமல் பஸ்ஸிலோ லாரியிலோ ஏறினால் அதுவும் காய்ந்துவிடும். ஆனால் ஒருவர் இன்னொருவரை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் வழியனுப்ப முடியும். இரண்டாம் தடவை சொன்னால் விரட்டுகிற மாதிரி ஆகிவிடும், வண்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜெயசீலியின் பங்கு முடிந்தது. மணி பதினொன்றே கால்.

குற்றாலிங்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏறும்மா, நான் கொண்டு விடுதேன். ஒண்ணரை மணி நேரத்துல போயிரலாம். ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

ஆவுடை காரின் பின்குழாயைப் பார்த்தாள். அது கருப்பாகத் துப்பிக்கொண்டிருந்தது. பெட்ரோல் காரில் போகிறவர்களுக்குத் தொண்டை இரண்டு நாளைக்குக் கட்டிக்கொள்ளும். கட்டிய தொண்டையோடு சொன்னால் ஸ்கூட்டரே அசையாது, கப்பல் எப்படி அசையும்? துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வது பாதி வேலைதான். அங்கே போய்ச் சுத்தமாகச் சொல்லவும் வேண்டும்.

"வேண்டாங்கய்யா. தொண்டை போயிரும்" என்றாள்.

அவர் காரை அணைத்துவிட்டுப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் ஜெயசீலி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

காயவைத்தவர் சொன்னால் அன்றைக்கு முள் ஏறாது. மிச்சம் இருந்தது அண்ணாச்சி மட்டும்தான். வந்து நிற்கிற வாடிக்கையாளர்களைக் கேட்கலாமே என்றால், அவர்களே கிளம்புகிறவர்கள். கிளம்புகிறவர் கிளம்புகிறவரை எப்படி வழியனுப்புவது? அண்ணாச்சி ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"போயிட்டு வாம்மா ஆவுடை."

முள் அசையவில்லை. அண்ணாச்சி குவளையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். "பாத்து போயிட்டு வா. போயிச் சேந்ததும் போன் போடு." முள் ஒரு மயிரிழை எழுந்து, யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது. ஏறாத வழியனுப்பு சொன்னதாகவே ஆகாது என்பதால் அவர் திரும்பத் திரும்பச் சொல்லலாம். சொன்னார். கும்பிட்டபடி சொன்னார். சாலையில் இறங்கி நின்று சொன்னார். குற்றாலிங்கம் பெஞ்சிலிருந்து, "இன்னும் கொஞ்சம் கனிவாச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தார். பன்னிரண்டு மணி ஆயிற்று. மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. அவசரப்படாமல் டிரைவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

அண்ணாச்சி நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்பதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று. காலையில் பங்க் திறக்கும்போது மூன்றாம் நம்பரில் ஆவுடை இல்லாமல் இருப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வாய் ஒன்றைச் சொல்லிற்று, வயிறு வேறொன்றைச் சொல்லிற்று. குவளைக்கு வயிறு சொல்வதுதான் கேட்கும். கடைசியில் அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஆவுடையைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"போவாத ஆவுடை. நீ போவாதம்மா."

முள் ஒரே தாவலாகத் தாவி, மறுகோடியில் போய் 'டங்' என்று முட்டியது. ஸ்கூட்டர் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

ஜெயசீலி ஸ்கூட்டரை அப்படியே திருப்பி, முகம் பங்க்கைப் பார்க்கவும் பின்பக்கம் திருநெல்வேலியைப் பார்க்கவும் நிறுத்தினாள். ஆவுடை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கண்ணாடிகளிலும் போகவேண்டிய சாலை தெரிகிற மாதிரி சரி பண்ணிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, வாரேன்."

"போவாத" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஸ்கூட்டர் குலுங்கிக்கொண்டே பின்னால் புறப்பட்டது.

போகாதே என்பது வழியனுப்பு அல்ல. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். அண்ணாச்சி சாலை நடுவில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆவுடை அவரைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் சின்னதாக ஆனார். பக்கத்தில் ஜெயசீலி சின்னதாக ஆனாள். குற்றாலிங்கமும் மூன்று டிரைவர்களும் கையாட்டிக்கொண்டே சின்னதாக ஆனார்கள். பதினோரு வருஷமாக வண்டிகள் புள்ளியாவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வழியனுப்புகிறவர்களும் புள்ளியாகத்தான் ஆகிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பின்னால் போகிற வண்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. முன்னால் போகிறவர்கள் தாண்டிய ஆளை அத்தோடு மறந்துவிடுகிறார்கள். ஆவுடைக்குத் தாண்டிய பிறகுதான் ஆட்களே முழுசாகத் தெரிந்தார்கள். சீதபற்பநல்லூரில் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண், "தூரமா?" என்று கேட்டாள். "தூரந்தான்" என்றாள் ஆவுடை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு பர்லாங்கு தூரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேட்டையில் ஒரு சவரக்கடைக்காரரும், முகத்தில் பாதி நுரையோடு அவரிடம் உட்கார்ந்திருந்தவரும் சேர்ந்து கையாட்டினார்கள். அதில் நாலு கிலோமீட்டர் ஏறியது. வண்ணாரப்பேட்டையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி, "பின்னால போறவங்களுக்கு வழி விடுங்க" என்றார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்கள்.

வல்லநாட்டுப் பாலத்தில் ஆறு அவளுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. கண்ணாடியில் சாலை வந்துகொண்டே இருந்தது. "சரி, சரி" என்ற சத்தம் காலடியில் இதமாக வந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஆவுடை கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டாள். சிரிப்பு வந்தது. காரணம் ஒன்றுமில்லை, சும்மா வந்தது. அடக்க வேண்டிய அவசியமும் இல்லாததால் வாகைக்குளம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

துறைமுக வாசலில் மூன்றே முக்கால். காவலாளி அவளுடைய முதுகைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார். கப்பல் வெள்ளையாக, கல்யாண மண்டபம் அளவுக்கு நின்றது. முன்புறம் குவளைக்குப் பதில் பெரிய பித்தளை அண்டா. கப்பலை ஒட்டிய துறைமேடை முழுக்க அம்மாக்களும் மாமாக்களும் புருஷன்மார்களும் கப்பலில் கை வைத்து அவரவர் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏணிக்குப் பக்கத்தில் கையில் பட்டியலோடு ஓர் அதிகாரி. பட்டியலில் ஒரே ஒரு பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், பெட்டியின் மேல் உட்கார்ந்து, செல்லக்கனி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் பின்பக்கமாக வந்து அவள் முழங்காலில் இடித்து நின்றது.

"யக்கா, சாப்ட்டியா?"

"ஆச்சு. நகத்தக் கடிக்காத."

ஆவுடை எல்லா வண்டிகளுக்கும் செய்வதைத்தான் செய்தாள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்தாள். தங்கையின் துப்பட்டா நுனி பெட்டியின் பூட்டில் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டாள். ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் வாயைத் திறந்தபோது, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, சொல் உடனே வரவில்லை. அத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்னபோதும் அவளிடமிருந்து எதுவும் குறைந்ததில்லை. இன்றைக்குச் சொன்னால் குறையும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இவளுக்குக் காய்ச்சல் அடித்த நாட்கள், பின்னி விட்ட ஜடைகள், ஐ.டி.ஐ.யில் சேர்த்த அன்றைக்கு இரண்டு பேரும் ஹோட்டலில் தின்ற பரோட்டா, எல்லாம் கிளம்பிப் போகப்போகிறது. போகட்டும் என்று நினைத்தாள். இவள் போகத்தான் வேண்டும். கைநிறைய வேலை தெரிந்த பிள்ளை, உலகத்தைப் பார்க்கட்டும். நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்து போயிட்டு வாட்டி என் தங்கம்" என்றாள்.

அதிகாரி பெயரை அடித்தார். செல்லக்கனி ஏறினாள். ஏணியை எடுத்தார்கள். கப்பலின் முள் ஏறி, முட்டி, அதற்கு மேல் இடமில்லாமல் நடுங்கியது. அண்டா நிறைந்து விளிம்பில் வழிந்தது. வழிந்தது கப்பலின் பக்கவாட்டில் இறங்கி, மேடைமேல் சொட்டியது. அதிகாரி எட்டிப் பார்த்து, பட்டியலின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நாலு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. வழியனுப்பு சொட்டிய மேடையும் கூடவே புறப்பட்டது. இரண்டு கிரேன்கள், குவித்து வைத்திருந்த உப்பு மூட்டைகள், சுமார் முந்நூறு உறவினர்கள், ஓர் ஓரத்தில் டீக்கடை, எல்லாவற்றோடும் கரையை விட்டு விலகி, கப்பலுக்கு ஒரு முழம் இடைவெளியில், அதே வேகத்தில் வந்தது. சில பெண்கள் காற்றுக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார். செல்லக்கனி கப்பலின் கம்பியில் சாய்ந்து நின்றாள். ஆவுடை மேடை விளிம்பில் நின்றாள். "அந்த ஸ்வெட்டரப் போட்டுக்க, காத்தடிக்கு" என்றாள்.

டீக்காரர் அடுப்பைக் கூட்டி, இன்னொரு பால் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினார். இரண்டு டம்ளர் ஆற்றினார். ஒன்றை ஆவுடையிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கையை நீட்டிக் கப்பலில் கொடுத்தார்.